மாதிரிக் காசு

இதை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தி கோமதியம்மாள். போன வருஷம் வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து போனபோது, குரும்பூர் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில், வெயில் தாழட்டும் என்று எல்லாரும் காலை நீட்டிப் படுத்திருந்தோம். என் உள்ளங்கால் கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அவள் சொன்னாள். அவள் சொன்னதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. குறைந்திருந்தால் அது என் மறதி, முருகன் மன்னிக்க வேண்டும்.

கோமதியம்மாள் ஊர் வெண்தரை. தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளத்தை ஒட்டித் தொண்ணூறு வீடு. எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும், வாயில் வைக்கத்தான் முடியாது. லாரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள் வரும், கூடவே சண்டையும் வரும். அந்த ஊருக்குப் பஞ்சாயத்தில் ஒரு தண்ணீர் மெஷின் வைத்தார்கள். உப்பைப் பிரித்து நல்ல தண்ணீராக்கித் தொட்டியில் வைத்திருக்கும், ஐந்து ரூபாய்க் காசு போட்டால் இருபது லிட்டர் தரும், குடத்துக்குப் போக ஒரு சருவத்துக்கும் தேறும்.

மெஷினை மாட்ட வந்தவர் அருள்ராஜ் என்று கோவில்பட்டிக்காரர். தங்கமான மனுஷர், காப்பி கொடுத்தால் டம்ளரைத் தானே கழுவி வைப்பாராம். எல்லாச் சாமானும் கொண்டுவந்தவர் ஓர் ஐந்து ரூபாய்க் காசை மட்டும் கொண்டுவரவில்லை. எதற்கு என்று கூட்டம் கேட்க, அவர் காசு போடும் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"உள்ள ரெண்டு கம்பிச்சுருள் இருக்கும்மா. ஒண்ணுல நாம ஒரு காச நிரந்தரமா வெச்சிருவோம். அதுதான் மாதிரிக் காசு. நீங்க போடுற காசு இன்னொரு சுருள் வழியா உருண்டு போகும். கரண்டு ரெண்டையும் ஒரே நேரத்துல தொட்டுப் பார்க்கும். அகலம் என்ன, கனம் என்ன, என்ன உலோகம்னு. ரெண்டும் ஒண்ணுன்னா, ரெண்டு சுருளும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டி அமைதியாயிரும். அந்த அமைதி வந்தாத் தண்ணி. வரலேன்னா கீழ ஒரு மடல் திறந்து உங்க காசு உங்களுக்கே வந்துரும்."

இதற்கு முன்னாலே காசையே பார்க்காத மெஷினுக்கு நல்ல காசு எது என்று எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். அவர் சொன்னதைக் கோமதியம்மாள் அப்படியே மனசில் வைத்திருந்தாள். "அதுக்குக் காசுன்னா என்னன்னே தெரியாதும்மா. தன்கிட்ட இருக்கிற மாதிரி இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும்."

உள்ளே போய்விட்டால் திரும்பி வராத ஐந்து ரூபாய் யாருடையதாக இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கே நடந்தது. பஞ்சாயத்துக் கிளார்க் அதற்கு ரசீது வேண்டும் என்றார். தலைவர் தன் பையைத் தடவிவிட்டு நூறு ரூபாய் நோட்டுத்தான் இருக்கிறது என்றார், அப்படியானால் தொண்ணூற்றைந்து ரூபாயைச் சில்லறையாகத் தருகிறோம், நோட்டைக் கொடுங்கள் என்று பெண்கள் கேலி பண்ணினார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே பின்னால் நின்ற சண்முகக்கனி என்கிறவள் மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"உள்ள வெச்சா அது செலவாயிருமா?"

"ஆகாதும்மா. மெஷின் இருக்கிற மட்டும் அங்கேயே இருக்கும்."

அவள் வீட்டுக்குப் போனாள். அவளிடம் ஒரு காசு இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் ஆறு வயது மகளுக்கு மஞ்சள்காமாலை கண்டபோது, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் திருச்செந்தூருக்கு நடந்து வந்து உண்டியலில் சேர்க்கிறேன் என்று மஞ்சள் துணியில் முடிந்து சாமி விளக்குக்குப் பக்கத்தில் வைத்த காசு. பிள்ளை எழுந்து உட்காரவில்லை. நாம் எல்லாரும் முடிந்து வைக்கிறவர்கள்தான், நான் என் இரண்டு பிள்ளைகளுக்கும் எத்தனை தடவை முடிந்திருக்கிறேன், நடந்தும் கொடுத்திருக்கிறேன். நடக்காமல் போனால் அந்தக் காசை என்ன செய்வது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. உண்டியலில் போட்டால் கொடுக்காத வரத்துக்குக் கூலி கொடுத்த மாதிரி இருக்கும், கடையில் கொடுத்து மாற்றினால் பிள்ளையை விற்றுத் தின்ற மாதிரி இருக்கும். சாமிக்கும் சேராமல், தனக்கும் சேராமல் ஒன்பது வருஷம் கிடந்த அந்தக் காசை அவள் முடிச்சவிழ்த்து, மஞ்சள் கறை போகக் கழுவிக்கொண்டுவந்து கொடுத்தாள். அருள்ராஜ் அதை வாங்கிச் சுருளுக்கு நடுவே செருகி, பெட்டியை மூடினார்.

மறுநாள் காலையில் சூடம் காட்டி, தலைவர் வீட்டம்மாள் முதல் காசைப் போட்டாள். அது உருண்டு போய் டிங்கென்று கீழ்த்தட்டில் வந்து விழுந்தது. இன்னொரு தடவை போட்டாள், இன்னொரு தடவை விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள், எல்லார் காசும் திரும்பி வந்தது. ஒருத்தி காசைப் புளிபோட்டு விளக்கிக்கொண்டு வந்தாள், ஒருத்தி கோயிலில் வைத்து எடுத்து வந்தாள், ஒருத்தி என் காசுக்கு என்ன குறை, நேற்று உன்னை மாட்ட வந்தவனுக்கு எங்கள் வீட்டில்தானே சாப்பாடு என்று மெஷினோடு நியாயம் பேசினாள். கடைசியில் சண்முகக்கனி போட்டாள். அது உள்ளே போனது, கொஞ்சம் அமைதியாக இருந்தது, பிறகு மோட்டார் ஓடி, பளிங்கு மாதிரி தண்ணீர் வந்தது.

கொடுத்த கைக்கு மரியாதை என்று ஊர் சந்தோஷப்பட்டது. மறுநாள் இன்னொருத்தி காசும் போனது, அடுத்த நாள் இன்னொருத்தி. தட்டில் திரும்பி விழுந்த அதே காசை எடுத்து அவர்கள் போட்டால் அது போகும், அவர்கள் கையில் இருப்பதை வாங்கி மற்றவர்கள் போட்டால் திரும்பி வரும். ஆக, விஷயம் காசில் இல்லை, கையில் இருக்கிறது என்று ஊருக்கு விளங்கியது. என்ன கை என்று விளங்கப் பதினைந்து நாள் ஆனது. விளங்கியது அங்கன்வாடி டீச்சர் ஜெயராணிக்கு. அவள் இருபத்தாறு வருஷமாக அந்த ஊர்க் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு எழுதுகிறவள், எந்தெந்தப் பேரைச் சிவப்பு மையால் அடித்தாள் என்று அவளுக்கு மனப்பாடம். இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் சோறிறங்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் வரிசையில் நின்றவர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காசை மட்டும்தான் அது எடுக்கிறது.

ஊர் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. மாதிரிக் காசு அப்படிப்பட்ட காசு, அப்படித்தானே பார்க்கும் என்றார்கள். அதற்குத் தக்கபடி நடந்துகொண்டார்கள். காலையில் குடங்கள் வரிசையாக இருக்கும், பிள்ளையைப் பறிகொடுத்த பெண்களில் இரண்டு பேர் முறை வைத்து மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பார்கள், மற்றவர்கள் காசை அவர்கள் உள்ளங்கையில் வைப்பார்கள், அவர்கள் அதைக் கொஞ்சநேரம் பொத்திப் பிடித்திருந்துவிட்டுப் போடுவார்கள். முன்பெல்லாம் கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார்ந்தவர்கள், வளைகாப்புக்குக் கூப்பிட்டாலும் வராதவர்கள், அவர்கள் கையில் இருந்துதான் இனி அந்த ஊர் உலையில் தண்ணீர் ஏற வேண்டும் என்று ஆனது. அவர்களிடம் பிள்ளை பேர் என்ன, எப்படி இருப்பான், யார் சாயல் என்று கேட்க ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷமாகக் கேட்டதில்லை. கேட்டால் அழுவார்களோ என்று பயந்து கேட்காமல் விட்டது எவ்வளவு பெரிய தப்பு என்று கோமதியம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

உப்பளக் காண்ட்ராக்டர் வீட்டுப் பட்டுத்தாய் ஒருநாள் வந்தாள். மூன்று பையன்கள், மூன்றும் வெளிநாட்டில், வேலைக்காரிதான் எப்போதும் தண்ணீர் எடுப்பாள். அன்றைக்கு அந்த வேலைக்காரிக்குக் காய்ச்சல். முறை வந்த பெண் கையை நீட்டுவதற்குள் பட்டுத்தாய் தானே காசைப் போட்டுவிட்டாள். அமைதி. மோட்டார் ஓடியது. பட்டுத்தாய் குடத்தை வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. சண்முகக்கனி போய்க் குடத்தைச் சரியாக நகர்த்தி வைத்தாள். குடம் நிறைந்ததும் பட்டுத்தாய் யாரையும் பார்க்காமல், "நாலாவதா ஒண்ணு. பேரு கூட வைக்கல" என்று மட்டும் சொன்னாள். பெண்பிள்ளையா என்று யாரும் கேட்கவில்லை. மறுவாரம் முறைப்பட்டியலில் அவள் பேரையும் சேர்த்தார்கள், அவள் பட்டுப்புடவையோடு வந்து நின்று எல்லார் காசையும் வாங்கிப் போட்டாள்.

இதெல்லாம் ஊர்க்கதை. கோமதியம்மாள் சொல்ல வந்தது ஆவுடைத்தங்கத்தைப் பற்றி.

ஆவுடைத்தங்கம் தாலி அறுத்தவள், ஒரே மகன் பலவேசம். போர்வெல் வண்டிக்கு வேலைக்குப் போனவன். வடக்கே மத்தியப் பிரதேசத்துப் பக்கம் மாதக்கணக்கில் வண்டியிலேயே கிடந்து, ஊர் ஊராகப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஒருநாள் ஒரு டவுனில் டீ குடிக்க இறங்கினான், வண்டிக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதான் வண்டிக்காரர்களுக்குத் தெரியும். போன் அணைந்து கிடந்தது. போலீசில் ஆளைக் காணோம் என்று எழுதிக்கொண்டார்கள். மெஷின் வந்தபோது அவன் காணாமல் போய் எட்டு மாசம். பாதி ஊர் அவளிடம் கண்ணைப் பார்த்துப் பேசுவதை விட்டிருந்தது.

ஜெயராணி டீச்சர் சொன்ன அன்று ஆவுடைத்தங்கம் ஓடவில்லை, அழவில்லை. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஓர் ஐந்து ரூபாய்க் காசோடு வந்தாள். ஊர் முழுக்கக் கூடி நின்றது. போட்டாள். உருண்டது. டிங்கென்று தட்டில் விழுந்தது.

அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எட்டு மாசத்தில் அன்றைக்குத்தான் அவள் சிரித்ததைப் பார்த்தேன் என்றாள் கோமதியம்மாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள்தான் முதலில். அதே காசு, முந்தானை நுனியில் முடிந்திருப்பாள். போடுவாள், விழும், எடுத்துக்கொள்வாள். பிறகுதான் மற்றவர்கள் குடம். வேலைக்குப் போகிறவர்கள் வழியில் நின்று, "என்ன சித்தி, மகன் என்ன சொல்லுதான்?" என்று கேட்பார்கள். "நல்லா இருக்கானாம்" என்பாள். கடுதாசி வந்த மாதிரி சொல்வாள். மழை நாளில் "குளிருதாம், போர்வை இருக்காம்" என்பாள், அதை அவள் எங்கிருந்து கேட்டாள் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தாள். ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்து அவள் அண்ணன் மகளைப் பலவேசத்துக்குப் பேச வந்தபோது, பெண்ணைப் பெற்றவர்கள் காலையில் மெஷினுக்கு முன்னால் வந்து நின்று, காசு மூன்று தரம் திரும்பி விழுவதைப் பார்த்துவிட்டு, திருப்தி, மாப்பிள்ளை எப்போது வந்தாலும் சம்மதம் என்று வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு போனார்கள்.

மற்றத் தாய்மார்களுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் போர்வெல் வண்டிகளிலும் இருக்கிறவர்கள். திரும்பி விழுந்தால் சந்தோஷம்தான், ஆனால் ஒருநாள் விழாவிட்டால்? அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவர்கள் யாரும் அந்தத் துவாரத்துக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோகவில்லை. தவறிக்கூட விரல் படாமல், காசை முறைக்காரி கையில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

இடையில் அருள்ராஜ் இரண்டு தரம் வந்து பார்த்தார். சுருளை மாற்றினார், காசு விழுந்ததைப் பார்க்கிற வெளிச்சக் கண்ணைத் துடைத்தார், கணக்கெல்லாம் சரியாக இருந்தது, தண்ணீர் மட்டும் அந்தக் கைகளுக்குத்தான் வந்தது. இதற்கு ஒரே வழி மாதிரிக் காசை எடுத்துவிட்டு வேறு காசு வைப்பதுதான், ஐந்து நிமிஷ வேலை என்றார். ஊர் கூடியது. சண்முகக்கனி தலையைக் குனிந்துகொண்டு, ஊர் என்ன சொன்னாலும் சரி என்றாள். வேறு காசு வைத்தால் ஆளுக்கு ஆள் தானே போட்டுக்கொள்ளலாம், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஆண்கள் பேசினார்கள். அப்போது ஆவுடைத்தங்கம் எழுந்து வந்து, கூட்டத்துக்கு நடுவே மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

"எம் மகன் எனக்குப் போடுத போனு அது ஒண்ணுதான். அத அத்துறாதீய."

அருள்ராஜ் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவள் ஒருத்திக்காக அந்த ஊர் அந்த மெஷினை அப்படியே வைத்துக்கொண்டது. ஒரு வருஷம் நான்கு மாசம்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை. முந்தின நாள் பெய்த மழையில் உப்பளப் பாத்தியெல்லாம் கரைந்து கிடந்தது, வேலை இல்லாததால் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஆவுடைத்தங்கம் வந்தாள், முடிச்சை அவிழ்த்தாள், போட்டாள், வழக்கம்போல் தட்டுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

காசு விழவில்லை.

அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று கோமதியம்மாளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு மோட்டார் ஓடியது. தண்ணீர் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீருக்கு அடிபிடிச் சண்டை போடுகிற ஊர், வரிசையில் நாற்பது குடம் இருக்கிறது, ஒருத்தரும் ஒரு குடத்தை அதன் அடியில் நகர்த்தி வைக்கவில்லை. இருபது லிட்டரும் சிமெண்டுத் திட்டில் விழுந்து, அவள் காலை நனைத்து, வழிந்து, மண்ணுக்குள் போனது. தண்ணீர் நின்ற பிறகும் அவள் கையைத் தட்டுக்குக் கீழே வைத்தபடி நின்றாள்.

கோமதியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மழைக் காத்துல சுருளெல்லாம் உப்புப் பூத்துப் போச்சு மதினி. மெஷினு கெட்டுப்போச்சு. இப்பப் பாரு, எங் காசையும் எடுக்கும்" என்றாள்.

அவளுக்கு ஒரே மகள். என் மருமகள் வடிவுதான். அப்போது திருப்பூரில் என் மகனோடு ஆறு மாசக் கர்ப்பிணியாக இருந்தாள். கோமதியம்மாள் இத்தனை நாளாக அந்தத் துவாரத்தைத் தொடாதவள், இடுப்புப் பையிலிருந்து காசை எடுத்துப் போட்டாள். "எம் மக நல்லா இருக்கணும்னும் கும்பிட்டேன் மதினி, காசு உள்ள போயிரணும்னும் கும்பிட்டேன். முருகன் எதைக் கேப்பான்?" என்றாள் என்னிடம். அந்த நேரத்தில் நான் எங்கள் வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருந்திருப்பேன், எனக்கு என்ன தெரியும்.

அவள் காசு திரும்பி விழுந்தது.

உன் காசு தேய்ந்த காசு என்று சொல்லி அடுத்தவள் வந்து போட்டாள். அவள் மகன் துபாயில். விழுந்தது. அடுத்தவள் வந்தாள், அவளுக்கு நான்கு பிள்ளைகள், கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டாள். விழுந்தது. ஜெயராணி டீச்சர் போட்டாள். தலைவர் வீட்டம்மாள் போட்டாள். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து, பிள்ளை முகத்தைத் தன் தோளில் மறைத்துக்கொண்டு போட்டாள். தங்கள் பிள்ளை உயிரோடு இருக்க, இந்தக் காசு மட்டும் உள்ளே போக வேண்டும், போனால்தான் மெஷின் பொய் என்று ஆகும், மெஷின் பொய் என்றால்தான் பலவேசம் இருப்பான் என்று, அந்தத் தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக வந்து போட்டார்கள், டிங், டிங் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. யாரும் தன் காசைத் திரும்ப எடுக்கவில்லை. தட்டு நிறைந்து காசு தரையில் சிந்தியது. முப்பது பேருக்குமேல் போட்டார்கள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

பட்டுத்தாய் ஒரு தூணோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். சண்முகக்கனி ஆவுடைத்தங்கத்தின் பக்கத்தில் வந்து நின்றாள், தொடவில்லை.

இன்னும் ஒருத்தி காசோடு வந்தாள். ஆவுடைத்தங்கம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்மா. உங்க பிள்ளைய எல்லாம் நல்லா இருக்கு."

அப்புறம் குனிந்து தரையில் கிடந்த காசுகளைப் பொறுக்கினாள். பொறுக்கி முந்தானையில் துடைத்து, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுத்தாள். கோமதியம்மாள் கையை நீட்டியபோது மட்டும், காசைக் கொடுக்காமல் தன் கையில் பொத்தி வைத்துக்கொண்டு, "உங் கொடம் எது?" என்று கேட்டாள். இவள் பச்சைக் குடத்தைக் காட்டினாள். ஆவுடைத்தங்கம் அதை எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்து, காசைப் போட்டாள். தண்ணீர் வந்தது. நிறைந்த குடத்தை அவளே தூக்கி கோமதியம்மாள் இடுப்பில் வைத்தாள். அடுத்த குடத்துக்குக் கையை நீட்டினாள்.

அந்தத் தண்ணீரில் அன்றைக்கு உலை வைக்க முடியவில்லை, கீழே ஊற்றவும் முடியவில்லை, மூன்று நாள் மூடியே வைத்திருந்தேன் என்றாள் கோமதியம்மாள். நான்காம் நாள் குடித்தார்களாம். பலவேசத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. வடக்கேயிருந்து போனும் வரவில்லை, போலீசும் வரவில்லை. எந்த ஊரில், எப்படி, பக்கத்தில் யாராவது இருந்தார்களா, வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்களா, ஒன்றும் தெரியாது. ஐப்பசி முதல் வெள்ளியை நாளாக வைத்து ஆவுடைத்தங்கம் அவனுக்குத் திதி கொடுக்கிறாள். ஓட்டப்பிடாரத்துப் பெண்ணை அவளே நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாள்.

சொல்லி முடித்துவிட்டு கோமதியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். வெயில் இறங்கியிருந்தது, நாங்கள் எழுந்து நடந்தோம். வழியெல்லாம் நான் ஒவ்வொரு மைலுக்கும் அந்தப் பையன் பேரைச் சொல்லி ஒரு முருகா சொன்னேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வெண்தரைக்காரர் யாராவது பஸ்ஸிலோ ஆஸ்பத்திரியிலோ பக்கத்தில் உட்கார்ந்து இதைச் சொல்ல ஆரம்பித்தால், ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். முழுசாகச் சொல்லட்டும்.